திருநீற்றுப்பச்சை இலையும் தக்காளிச் சோசும்: எதில் என்ன சத்து?

"சோஸ் தக்காளியில்தானே செய்கிறார்கள், பாதர்? அப்படியென்றால் பிள்ளை சோற்றுக்குச் சோஸ் விட்டுச் சாப்பிட்டால் மரக்கறி சாப்பிட்ட கணக்குத்தானே?" தாய்மார் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி இது. கேள்வியில் நியாயம் இருக்கின்றது. சொந்தக் காணியில் இருந்த காலத்தில் விடியற்காலையில் தோட்டத்துக்குப் போய்க் கத்தரிக்காயும் பயிற்றங்காயும் ஆய்ந்து வந்த குடும்பம், பிறர் காணியில் தகரக் கொட்டில் போட்டிருக்கும்போது ஒரு பிடி கீரையையும் காசு கொடுத்தே வாங்கவேண்டியுள்ளது. வாங்கிய மரக்கறி அடுத்த நாளே வாடிவிடும். போத்தலில் உள்ள சோஸ் வாரக்கணக்கில் கிடக்கும். பிள்ளைகளும் அதை விரும்பிக் கேட்கின்றார்கள். வெறுஞ்சோறும் பருப்பும் உண்டு அலுத்துப்போன பிள்ளைக்குத் தாய் ஒரு கரண்டி சோஸ் ஊற்றிக் கொடுப்பதில் பிழை காணும் எண்ணம் எனக்கில்லை. ஆனால் அதை மரக்கறி என்று கணக்கில் எழுதலாமா என்பது வேறு விடயம். அதைத்தான் இங்கு பார்க்கப்போகின்றோம்.

எதனோடு ஒப்பிட்டுப் பார்ப்பது? தக்காளிச் சோசோடு உலகத்தில் அதிகம் சேர்ந்து சமைக்கப்படும் இலையோடு ஒப்பிடலாம். இத்தாலி நாட்டவர் தக்காளிச் சோசை அடுப்பிலிருந்து இறக்கும் வேளையில் வாசனையான ஒரு பச்சை இலையைக் கிள்ளிப் போடுவார்கள். பேசில் என்று அதற்குப் பெயர். அரசன் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. நாம் அதற்கு அந்நியர் அல்லர். தமிழில் அதனைத் திருநீற்றுப்பச்சை என்பார்கள். துளசியின் நெருங்கிய உறவு. ஆனால் துளசி அல்ல. இலை சற்றுப் பெரிது, மினுமினுப்பானது, காரம் குறைந்தது. சர்பத்திலும் பலூடாவிலும் ஊறி வழுவழுப்பாக மிதக்கும் கறுப்புக் கசகசா இருக்கின்றதே, அது இந்தச் செடியின் விதைதான். (இந்தியாவில் குருமாவுக்கு அரைக்கும் வெள்ளைக் கசகசா வேறொரு செடியின் விதை. இரண்டையும் ஒன்றாக எண்ணிவிட வேண்டாம்.)

எந்தச் சோஸ்?

இவ்விடயத்தில் படித்தவர்களும் தடுமாறுகின்றார்கள். அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் உணவுச் சத்து அட்டவணையைப் பலரும் எடுத்துக் காட்டுவார்கள். நல்ல அட்டவணைதான். ஆனால் அதில் தக்காளிச் சோஸ் என்ற தலைப்பில் இருப்பது, தக்காளியை அவித்து, மசித்து, உப்பிட்டுத் தகரத்தில் அடைத்த சமையற் குழம்பு. எங்கள் கடைகளில் சிவப்புப் போத்தலில் நிற்கும் சோசுக்கு நிகரானது அந்த அட்டவணையில் கெச்சப் என்ற பெயரில் வேறாக இருக்கின்றது. சீனி, வினாகிரி, உப்பு, வாசனைச் சரக்கு எல்லாம் சேர்ந்தது அது. முதலாவதின் கணக்கைப் பார்த்து இரண்டாவதை வாங்கினால், பசுப்பாலின் கணக்கைப் பார்த்துக் கட்டிப்பால் வாங்கிய கதையாக முடியும். ஆகவே இரண்டையும் பிரித்தே சொல்கின்றேன்.

நூறு கிராமை நூறு கிராமோடு நிறுத்துப் பார்த்தால், பச்சையாகப் பறித்த திருநீற்றுப்பச்சை இலையில் 92 கிராம் வெறும் தண்ணீர். அதில் 23 கிலோ கலோரி சக்தியும் 3 கிராமுக்குச் சற்று மேலான புரதமும் உண்டு. கல்சியம் 177 மில்லிகிராம், இரும்புச்சத்து 3.2 மில்லிகிராம், விற்றமின் சீ 18 மில்லிகிராம். விற்றமின் ஏ 264 மைக்ரோகிராம் அளவுக்குக் கிடைக்கக்கூடிய கரோட்டீன் இருக்கின்றது. இரத்தம் உறைவதற்கு வேண்டிய விற்றமின் கே 415 மைக்ரோகிராம். சோடியம் 4 மில்லிகிராம் மட்டுமே. சீனி இல்லையென்றே சொல்லலாம்.

சமையற் குழம்பான தகரத்துச் சோசில் 24 கிலோ கலோரி. சக்தியில் இலையும் அதுவும் சமம்தான். ஆனால் கல்சியம் 14 மில்லிகிராம், இரும்பு 1 மில்லிகிராம் அளவு, விற்றமின் சீ 7 மில்லிகிராம், விற்றமின் ஏ 22 மைக்ரோகிராம் என்று மற்ற எல்லாம் இறங்கிவிடுகின்றன. உப்பிட்டு அடைத்ததால் சோடியம் 474 மில்லிகிராம் ஏறிவிடுகின்றது. பொற்றாசியம் இரண்டிலும் ஏறக்குறைய 300 மில்லிகிராம்.

இனிப் போத்தலுக்கு வருவோம். கெச்சப் 100 கிராமில் 101 கிலோ கலோரி. இந்தச் சக்தி எங்கிருந்து வந்தது? தக்காளியிலிருந்தல்ல. பழமாக இருக்கும்போது அதே நிறைத் தக்காளியில் 18 கிலோ கலோரிதான். கெச்சப்பில் 21 கிராம் சீனி இருக்கின்றது. ஐந்தில் ஒரு பங்கு சீனி என்று கொள்ளுங்கள். சோடியம் 907 மில்லிகிராம். இரும்பு 0.35 மில்லிகிராம், விற்றமின் சீ 4 மில்லிகிராம், விற்றமின் ஏ 26 மைக்ரோகிராம். கம்பனிக்குக் கம்பனி இந்த எண்கள் கொஞ்சம் கூடிக் குறையும், வடிவம் மாறாது. போத்தலைத் திருப்பிப் பாருங்கள். உள்ளடக்கம் என்ற பகுதியில் நிறையில் கூடியதை முதலிலும் குறைந்ததைக் கடைசியிலும் எழுதுவதே பொதுவான முறை. தக்காளிக்கு முன்னால் தண்ணீரோ சீனியோ மாப்பொருளோ நின்றால் விளங்கிக்கொள்ளுங்கள்.

தட்டில் விழும் கணக்கு

இதுவரை சொன்னதை வைத்து இலைதான் வென்றது என்று கை தட்டிவிட்டுப் போய்விடலாம். பல பத்திரிகைகள் அப்படித்தான் செய்கின்றன. ஆனால் ஒரு கேள்வி மிச்சம் இருக்கின்றது: திருநீற்றுப்பச்சையை 100 கிராம் யார் உண்பார்கள்? பத்து இலை சேர்ந்தாலும் ஐந்து கிராமளவுதான் வரும். ஐந்து கிராமில் கல்சியம் 9 மில்லிகிராம், இரும்பு 0.16 மில்லிகிராம், விற்றமின் ஏ 13 மைக்ரோகிராம். நான்கு வயதிலிருந்து எட்டு வயது வரையான பிள்ளைக்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராம் இரும்பும் 400 மைக்ரோகிராம் விற்றமின் ஏயும் வேண்டும் என்பது அமெரிக்க நிபுணர்களின் மதிப்பீடு. பத்து இலையால் அந்தப் பள்ளம் நிரம்பாது. ஐந்து கிராமிலும் குறிப்பிடத்தக்க அளவில் வந்து சேருவது விற்றமின் கே ஒன்றுதான்: 20 மைக்ரோகிராம் அளவு.

மறுபுறம் சோஸ் கரண்டிக் கணக்கில் விழுகின்றது. ஒரு மேசைக்கரண்டி 17 கிராம். இரண்டு கரண்டியில் சீனி 7 கிராம், அதாவது கிட்டத்தட்ட இரண்டு தேக்கரண்டி. சோடியம் 300 மில்லிகிராமுக்கு மேல். வளர்ந்த ஒருவரே நாளொன்றுக்கு 2000 மில்லிகிராம் சோடியத்துக்குள், அதாவது ஐந்து கிராம் உப்புக்குள், நிற்கவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2012இல் சொன்ன அளவு. பிள்ளைக்கு அதிலும் குறைவு. அந்த இரண்டு கரண்டியில் கிடைக்கும் இரும்போ 0.12 மில்லிகிராம்தான். சமையலில் உப்பு, கருவாட்டில் உப்பு, பிஸ்கற்றில் உப்பு என்று ஏற்கெனவே பல வழிகளில் உப்புச் சேரும் வீட்டில் சோசும் சேர்ந்துகொள்கின்றது.

ஆகவே என் தீர்ப்பு இது. திருநீற்றுப்பச்சை சத்து நிறைந்த இலைதான். ஆனால் உண்ணும் அளவில் அது வாசனைச் சரக்கு. போத்தல் சோசும் உண்ணும் அளவில் ஒரு வகைச் சரக்குத்தான். ஆனால் உப்பையும் சீனியையும் கூட்டிக்கொண்டு வரும் சரக்கு. இரண்டையுமே மரக்கறி என்று கணக்கில் எழுத முடியாது.

சோசை மரக்கறி ஆக்கும் முயற்சி பெரிய நாடுகளிலும் நடந்ததுண்டு. 1981இல் அமெரிக்காவில், பாடசாலை மதிய உணவுச் செலவைக் குறைப்பதற்காக அரசாங்கம் புதிய விதிகளை முன்வைத்தது. தக்காளிச் சோசை மரக்கறிப் பங்காகக் கணக்கிட அந்த விதிகள் இடம் தருகின்றன என்று நாடெங்கும் கேலியும் எதிர்ப்பும் கிளம்ப, அவை மீளப்பெறப்பட்டன. செலவைக் குறைக்க நினைப்பவர்கள் பிள்ளைகளின் தட்டிலேயே முதலில் கை வைப்பது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம் போலும்.

சமைத்த தக்காளிக்கு உள்ள பெருமை

சோசைப் பற்றி இவ்வளவு குறை சொன்ன பின்பு அதற்குரிய பெருமையையும் சொல்லவேண்டும். தக்காளியின் சிவப்புக்குக் காரணமான லைக்கோபீன் என்னும் பொருள் உடம்பின் கலங்களைப் பாதுகாக்கும் தன்மை கொண்டது என்பதால் ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாக அதன்மேல் கண்ணாயிருக்கின்றார்கள். பச்சைத் தக்காளிப்பழம் 100 கிராமில் லைக்கோபீன் 2.6 மில்லிகிராம். கெச்சப்பில் 12 மில்லிகிராம். தகரத்துச் சோசில் 14 மில்லிகிராம் அளவு. தண்ணீர் வற்ற வற்ற அது செறிந்துவிடுகின்றது. பச்சை இலையில் லைக்கோபீன் இல்லை.

அது மட்டுமல்ல. 1992இல் ஜேர்மனியில் ஸ்ரால், சீஸ் என்னும் இரு ஆய்வாளர்கள் தக்காளிச் சாற்றைச் சிலருக்குக் கொதிக்க வைக்காமலும், பின்பு சிறிது எண்ணெய் சேர்த்துக் கொதிக்க வைத்தும் கொடுத்து இரத்தத்தைச் சோதித்தார்கள். கொதிக்க வைத்ததைக் குடித்தபோதுதான் இரத்தத்தில் லைக்கோபீன் ஏறியது. சூட்டினால் பழத்தின் கலச்சுவர் உடைகின்றது. எண்ணெய் அதைக் கரைத்து உடம்புக்குள் கொண்டுபோகின்றது. சமைத்தால் சத்தெல்லாம் போய்விடும் என்று சொல்வது எப்போதும் சரியல்ல என்பதற்கு இது நல்ல உதாரணம். விற்றமின் சீ சூட்டில் குறையும். லைக்கோபீன் சூட்டினால் பயன்படத் தொடங்கும். ஆனால் லைக்கோபீன் விற்றமின் ஏ ஆக மாறாது. மாலைக்கண் வராமல் காக்கும் வேலையை அதனிடம் ஒப்படைக்க முடியாது. அது கரோட்டீனின் வேலை. கரோட்டீன் தாராளமாக இருப்பது கரும்பச்சை இலையில்.

இலையில் இருப்பதெல்லாம் உடம்பில் சேருமா?

இலைக்கறியைப் புகழ்ந்து பேசும் எம்போன்றவர்களுக்கு 1995இல் ஓர் அதிர்ச்சி கிடைத்தது. இந்தோனேசியாவின் மேற்கு ஜாவாவில் பாலூட்டும் தாய்மாருக்குக் கரும்பச்சை இலைக்கறிகளைத் தொடர்ந்து கொடுத்து ஓர் ஆய்வு செய்தார்கள். அதே அளவு கரோட்டீனை பிஸ்கற் போன்ற தின்பண்டத்தில் சேர்த்து வேறு சிலருக்குக் கொடுத்தார்கள். தின்பண்டம் உண்டவர்களுக்கு விற்றமின் ஏ நிலை உயர்ந்தது. இலைக்கறி உண்டவர்களுக்கு எதிர்பார்த்தபடி உயரவில்லை. லான்செற் என்னும் மருத்துவ இதழில் அது வெளிவந்தபோது பெரிய வாதம் எழுந்தது. 2001இல் அமெரிக்க நிபுணர் குழுவினர் பழைய கணக்கைத் திருத்தி, உணவிலுள்ள பீற்றா கரோட்டீன் 12 மைக்ரோகிராமிலிருந்து 1 மைக்ரோகிராம் விற்றமின் ஏதான் கிடைக்கும் என்று வரையறுத்தார்கள். அதற்கு முன் 6க்கு 1 என்று கணக்கிட்டிருந்தார்கள். மேலே நான் தந்த எண்கள் திருத்திய கணக்கின்படி உள்ளவை.

இதைக் கேட்டுக் கீரையைக் கைவிட்டுவிடக் கூடாது. கரோட்டீன் இலையின் கலங்களுக்குள் இறுகிக் கிடக்கின்றது. அதை வெளியே எடுக்கும் வேலை சட்டியில் தொடங்கவேண்டும். இலையைப் பொடியாக அரிந்து அளவாக வேகவைத்தால் அது பாதி விடுபட்டுவிடும். தேங்காய்ப்பாலோ தேங்காய்ப்பூவோ ஒரு கரண்டி எண்ணெயோ சேர்ந்தால் மிகுதி வேலை நடக்கும். கரோட்டீன் கொழுப்பில்தான் கரையும். எங்கள் பாட்டிமார் இலையை மிகவும் பொடியாக அரிந்து தேங்காய்ப்பூப் போட்டு வறை வறுத்தார்களே, அவர்கள் எந்த ஆய்விதழையும் வாசித்தவர்கள் அல்லர். சிக்கனம் என்று நினைத்துத் தேங்காயை அடியோடு விட்டுவிட்டு வெறும் நீரில் கீரை அவிப்பது மெய்யான சிக்கனமல்ல.

இரும்புக்கும் ஒரு சூட்சுமம் உண்டு. இலையிலுள்ள இரும்பு, மீனிலும் இறைச்சியிலும் உள்ள இரும்பைப்போல எளிதில் உடம்பில் சேர்வதில்லை. விற்றமின் சீயும் புளிப்பும் கூட இருந்தால் கூடுதலாகச் சேரும். தேநீர் கூட இருந்தால் குறைவாகச் சேரும். சாப்பிட்ட கையோடு பிளேன்ரீ குடிக்கும் பழக்கம் எம்மிடையே வேரூன்றிவிட்டது. அதை ஒரு மணித்தியாலமாவது பின்போட்டால் ஒரு சதமும் செலவில்லாமல் பிள்ளைத்தாய்ச்சிக்கும் பருவமடைந்த பெண்பிள்ளைக்கும் கூடுதலான இரும்பு கிடைக்கும். இரத்தச்சோகைக்கு மாத்திரை எடுப்பவர்களும் அதைத் தேநீரோடு விழுங்கவேண்டாம்.

தக்காளிக்கு இங்கே நல்ல இடமிருக்கின்றது. அதன் புளிப்பும் விற்றமின் சீயும் இலையின் இரும்புக்குக் கைகொடுக்கின்றன. அந்த வகையில் இத்தாலியர் இரண்டையும் ஒரே சட்டியில் சேர்த்தது நல்ல காரியம். நாங்களும் தக்காளிச் சொதி வைத்து, இறக்குவதற்குச் சற்று முன்னர் இலையைப் போடலாம். முன்னதாகப் போட்டால் புளிப்பினால் பச்சை நிறம் மங்கிப் பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். தக்காளி விலை ஏறியிருக்கும் நாட்களில், இறக்கிய பிறகு பிழியும் அரைத் தேசிக்காய் அதே வேலையைச் செய்யும்.

பத்து இலைக்குப் பதில் ஒரு பிடி

சத்து வேண்டி இலை தேடுபவர்கள் பிடியாகவும் கோப்பையாகவும் உண்ணக்கூடிய இலையையே தேடவேண்டும். அது வேலியிலேயே நிற்கின்றது. பச்சை முருங்கையிலை 100 கிராமில் புரதம் 9 கிராம், கல்சியம் 185 மில்லிகிராம், இரும்பு 4 மில்லிகிராம், விற்றமின் சீ 52 மில்லிகிராம், விற்றமின் ஏ 378 மைக்ரோகிராம். திருநீற்றுப்பச்சையை எல்லா வரியிலும் இது மிஞ்சுகின்றது. விற்றமின் கேயைப் பற்றி மட்டும் நான் பேசவில்லை. ஒரு பிள்ளையின் தட்டில் 30 கிராம் இலை சமைத்து விழுந்தால், சமையலில் போவது போக, ஒரு மில்லிகிராம் அளவு இரும்பும் 100 மைக்ரோகிராம் அளவு விற்றமின் ஏயும் கிடைக்கும். அதே அளவு விற்றமின் ஏயைப் போத்தல் சோசில் பெறவேண்டுமானால் கிட்டத்தட்ட 400 கிராம் குடிக்கவேண்டும். கூடவே 80 கிராமுக்கு மேல் சீனியும் உள்ளே போகும்.

முளைக்கீரையிலும் கல்சியம் 215 மில்லிகிராம் இருக்கின்றது. ஆனால் முளைக்கீரை, பசளி போன்றவற்றில் ஒக்சலேற் என்னும் பொருள் கூடுதலாக இருந்து கல்சியத்தில் ஒரு பங்கைக் கட்டிப்போட்டுவிடும். ஆகவே ஒரே கீரையை நாள் தவறாமல் உண்ணாமல் மாற்றி மாற்றி உண்பதே நன்று. வல்லாரையைச் சம்பலாகப் பச்சையாக உண்பவர்கள், கழுவும் கடைசித் தண்ணீர் கொதித்தாறிய நீராக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பல குடும்பங்கள் ஒரே கிணற்றைப் பாவிக்கும் இடங்களில் இது மிக அவசியம். எந்தக் கீரையையும் கழுவிய பின்பே அரியுங்கள். அரிந்த பின் கழுவினால் விற்றமின் சீ தண்ணீரோடு போய்விடும்.

திருநீற்றுப்பச்சைக்கு அப்போது வேலையே இல்லையா? உண்டு. சோசைக் கேட்டு அழும் பிள்ளை உண்மையில் கேட்பது சுவையை. வெங்காயம் வதக்கி, இரண்டு தக்காளியை எண்ணெயில் கரையவிட்டு, குறைவாக உப்பிட்டு, இறக்கும்போது ஐந்தாறு திருநீற்றுப்பச்சை இலையைக் கிள்ளிப் போட்டால் வரும் வாசனையில் உப்புக் குறைவு தெரியாது. பாணுக்கும் ரொட்டிக்கும் சோற்றுக்கும் பொருந்தும். இலையை நீண்ட நேரம் வேகவிட்டால் வாசனை பறந்துவிடும். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் உணவில் உப்பும் சீனியும் சேர்க்கக்கூடாது என்பதால் போத்தல் சோசை அந்த வயதில் நாவிலும் தடவவேண்டாம். ஆறு மாதம் முடிந்த குழந்தைக்குப் பருப்போடு அவித்து நன்றாக மசித்த முருங்கையிலை கொடுக்கலாம்.

தக்காளி மலிந்து கிடக்கும்போது

மாரிப் பயிர் கைக்கு வரும் காலத்தில் சந்தையில் தக்காளி விலை விழுந்து, பெட்டிக்கூலிக்கும் கட்டாமல் விவசாயி தலையில் கைவைப்பதை நாம் காண்கின்றோம். அப்போது வீட்டில் சோஸ் செய்து வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: செய்யலாம், ஆனால் விளையாட்டாகச் செய்யக்கூடாது. ஒரு லீற்றர் சோசுக்கு இரண்டரையிலிருந்து மூன்று கிலோ பழம் வேண்டும். தக்காளி புளிப்பானது என்றாலும் எல்லாப் பழமும் ஒரே அளவு புளிப்பல்ல. புளிப்புக் குறைந்த சோசைக் காற்றுப் புகாமல் அடைத்து வைத்தால் உயிரைக் கொல்லக்கூடிய நச்சுக் கிருமி அதனுள் வளரக்கூடும். நிறமோ மணமோ மாறாமலே நஞ்சு இருக்கக்கூடும் என்பதுதான் ஆபத்து. எனவே ஒரு லீற்றருக்கு, 5 வீத அமிலம் என்று எழுதப்பட்ட வினாகிரி 4 மேசைக்கரண்டிக்குக் குறையாமல் சேர்க்கவேண்டும். சூடாகவே போத்தலில் நிரப்பி, மூடி, போத்தல் முழுவதும் மூழ்கும்படி தண்ணீரில் வைத்து, அரை லீற்றர்ப் போத்தலானால் 35 நிமிடமும் ஒரு லீற்றர்ப் போத்தலானால் 40 நிமிடமும் கொதிக்கவிடவேண்டும். நீண்ட நாள் வைக்கும் சோசில் திருநீற்றுப்பச்சை, வெங்காயம், உள்ளி, எண்ணெய் எவற்றையும் சேர்க்கவேண்டாம். அவை புளிப்பைக் குறைக்கும், கிருமிக்கு இடம் கொடுக்கும். இலையை உண்ணும் நாளில் போட்டுக்கொள்ளலாம்.

நன்றாக இறுகும் புதிய மூடியும் பெரிய கிடாரமும் விறகும் இல்லாத இடத்தில் இந்த முயற்சியே வேண்டாம். பழைய ஜாம் போத்தலின் தளர்ந்த மூடியை நம்பி மாதக்கணக்கில் வைப்பதிலும் பார்க்க, தக்காளியை இரண்டாகப் பிளந்து உப்புத் தூவி, நுளம்பு வலைத் துண்டால் மூடி, பங்குனி வெயிலில் சருகாகக் காயவைப்பது நல்லது. விறகும் வேண்டாம், போத்தலும் வேண்டாம். குழம்புக்குப் போடும்போது மட்டும் வேறு உப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். மருந்தடித்த தோட்டத்துப் பழமானால், மருந்துப் போத்தலில் எழுதியுள்ள நாட்கள் கழிந்த பின்பே பறிக்கவேண்டும் என்பதை விவசாயிகளுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஆனாலும் விலை ஏறும் நாட்களில் அது மறந்து போகின்றது.

நோயாளர் கவனத்துக்கு

சிறுநீரக நோய் உள்ளவர்கள் இக்கட்டுரையைப் படித்துவிட்டுத் தக்காளியையும் கீரையையும் அள்ளி உண்ணத் தொடங்கவேண்டாம். இரண்டிலும் பொற்றாசியம் தாராளமாக உண்டு; பழுதடைந்த சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற முடியாமற் போகலாம். வட மத்திய மாகாணத்திலும் வவுனியாவின் சில பகுதிகளிலும் விவசாயிகளிடையே காணப்படும் சிறுநீரக நோயை நாம் அறிவோம். அவர்களுக்கு வைத்தியர் சொன்ன அளவே அளவு. இரத்தம் உறையாமலிருக்க வார்பரின் குளிசை எடுப்பவர்களும் இலை உணவைத் திடீரெனக் கூட்டவோ குறைக்கவோ கூடாது, ஏனெனில் விற்றமின் கே அந்தக் குளிசையின் வேலைக்கு எதிராக நிற்கும். கிளினிக்குக்குப் போகும்போது என்ன உண்கின்றீர்கள் என்பதைச் சொல்லுங்கள். பிரஷர் உள்ளவர்களுக்குப் போத்தல் சோசைப் பற்றிச் சொல்ல வேறொன்றுமில்லை. உப்பின் கணக்கை மேலே தந்துவிட்டேன்.

கையளவு இடத்தில்

நாளைக்கு எழும்பச் சொல்வார்களோ என்ற பயத்தில் பிறர் காணியில் ஒன்றும் நடாமல் இருப்பவர்களை நான் அறிவேன். அவர்களுக்கு முருங்கை பொருந்தும். கைமொத்தத் தடியில் ஒரு மீற்றர் வெட்டி, வெட்டுவாயை ஓரிரு நாள் நிழலில் காயவிட்டு, மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் போக நட்டால் போதும். தண்ணீர் தேங்காத இடமாக இருக்கவேண்டும். காய்க்கக் காத்திராமல், தலை உயரத்துக்கு மேலே விடாமல் வெட்டிக்கொண்டே இலையை எடுக்கலாம். எழும்பவேண்டி வந்தால் மரத்தை விட்டுவிட்டுத் தடியைக் கொண்டு போகலாம்.

திருநீற்றுப்பச்சைக்கு உரப்பையில் பாதி மண்ணும் பாதி மக்கிய சாணமும் போதும். உரப்பையை முதலில் நன்றாகக் கழுவிக்கொள்ளுங்கள். விதையை ஆழமாகப் புதைக்காமல் மேலே தூவி மெல்லிய மண்ணால் மூடுங்கள். அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றலாம். சவர்க்காரத் தண்ணீர் வேண்டாம். ஒரு சாண் வளர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளை விட்டுப் பற்றையாகும். பூங்கொத்து வந்தால் கிள்ளிவிடுங்கள், பூத்தபின் இலை சிறுத்துக் கசப்பு ஏறும். ஒரு செடியை மட்டும் பூக்கவிட்டு, கொத்து மண்ணிறமாகக் காய்ந்ததும் கையால் கசக்கி ஊதி, விதையை ஈரமில்லாத சிறு போத்தலில் போட்டு வையுங்கள். அடுத்த விதைப்புக்குப் போக மிஞ்சுவதைத் தண்ணீரில் நன்றாக ஊறவைத்துத் தேசிக்காய்ச் சர்பத்தில் போட்டுக் குடிக்கலாம்.